நான் சொல்லிக்கிறேன்

பூவிழியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது, கதவுக்கு மேலே மாட்டியிருக்கிற கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன், பதிமூன்று. இருபது நிமிட வேலைதான் சார் என்று மயக்க மருந்து கொடுக்கிறவர் சொல்லிவிட்டுப் போனார், கடைவாய்ப் பல் எடுப்பதைப் பற்றிச் சொல்கிற மாதிரி, அதில் தப்பு ஒன்றுமில்லை, வாரத்துக்கு நாலு பேருக்குக் கொடுக்கிறவர் வேறு எப்படிச் சொல்வார், நானும் ஒரு நாளைக்கு நாற்பது எருமைக் கருவை நுண்ணோக்கியில் பார்த்து இது தேறும் இது தேறாது என்று நோட்டில் குறிக்கிறவன்தானே, என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பத்து வாரக் கரு. நேற்று திங்கட்கிழமை ஸ்கேனில் துடிப்பு இல்லை. தானாக வரும்வரை காத்திருக்கலாம், வேண்டாமென்றால் நாளைக் காலையிலேயே சுத்தம் செய்துவிடலாம் என்றார் டாக்டர் வசந்தகோகிலம். சுத்தம் என்கிற சொல்லைக் கேட்டதும் பூவிழி என் பக்கம் திரும்பினாள், நான் ஜன்னலைப் பார்த்தேன், வெளியே பரமத்தி ரோட்டில் முட்டை லாரி ஒன்று பின்னுக்கு வந்துகொண்டிருந்தது, அதற்கு ஒருத்தன் கையைத் தட்டித் தட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தான், வரட்டும், வரட்டும், வரட்டும். பக்கத்து நாற்காலியில் அத்தை. பூவிழியின் அம்மா. மடியில் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு இரண்டாவது தடவையாகக் காபி வேண்டுமா என்று கேட்கிறார், வேண்டாம் என்கிறேன். பூவிழி பள்ளிக்கூடத்தில் தூக்கின அந்தப் பாயைப் பற்றி மறுபடி ஆரம்பிக்கிறார். மூணு மாசம் லீவு போடச் சொல்லித் தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா, பள்ளிக்கூடத்துல வேற ஆளே இல்லியா அந்தப் பாயத் தூக்கறதுக்கு. நான் தரையைப் பார்க்கிறேன். தரையில் மொசைக். பாயால் இல்லை அத்தை என்று நேற்றிலிருந்து ஐந்து தடவை சொல்லியிருக்கிறேன், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றே அவரும் நினைக்கிறார், பூவிழியும் நினைக்கிறாள். பாயால் இல்லை என்பது இந்த ஊரிலேயே இரண்டு பேருக்குத்தான் திட்டமாகத் தெரியும், ஒருத்தர் கதவுக்கு உள்ளே கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார், இன்னொருத்தன் நான்.

பூவிழி விளையாட்டு ஆசிரியை. அரசு மேல்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கோகோ சொல்லித் தருகிறாள், மாவட்ட அணியில் ஆடியவள், இப்போதும் மைதானத்தை நாலு சுற்று ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்காமல் பேசுவாள். போன புதன்கிழமை மழை வருகிறாற்போல் இருந்தது, உயரம் தாண்டும் பாய் வெளியே கிடந்தது, பிள்ளைகள் ஒரு பக்கம் பிடிக்க இவள் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வராந்தாவில் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நேற்று ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னாள், பாயைத் தூக்கினேன், அதனாலதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். இன்று காலையில் பச்சை அங்கியை மாட்டி சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவ வந்துச்சுன்னா எதையும் தூக்க மாட்டேங்க என்றாள். எனக்கு வாய் வரை வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர் காத்துக்கொண்டிருந்தார், மயக்க மருந்துக்குப் போகிறவளிடம் போய் என்று நினைத்தேன், எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை. நேற்றைக்குப் பத்து நாள் முன்னால். ஒன்பதாவது வாரம். ஸ்கேன் முடிந்து அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள், டாக்டர் என்னை மட்டும் சார் ஒரு நிமிஷம் என்றார். நான் கால்நடைக் கல்லூரியில் கருவியல் பார்க்கிறவன் என்று அவருக்குத் தெரியும், அதனால் சுற்றி வளைக்கவில்லை. துடிப்பு எழுபத்தெட்டு. நூற்றைம்பதுக்கு மேல் இருக்க வேண்டும். வளர்ச்சியும் ஒரு வாரம் பின்தங்கியிருக்கிறது. இப்படி வருவதில் பெரும்பாலும் நிற்காது சார், நம்மால் செய்ய ஒன்றும் இல்லை, பத்து நாள் பார்ப்போம். அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா என்று கேட்டார். நான் சொல்லிக்கிறேன் என்றேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை, நானாகவே அந்த வேலையை வாங்கிக்கொண்டேன். ஒரு பொறுப்பான ஆள் சொல்வதுபோலத்தான் சொன்னேன், சொல்லும்போது சொல்லத்தான் போகிறேன் என்றும் நம்பினேன். கதவைத் திறந்துகொண்டு வந்தால் அவள் பெஞ்சில் உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் ஸ்கேன் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள், இதுதாங்க தல, இது கை முளைக்கற எடம். அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்துவிட்டு உங்க மூக்குங்க என்று சொல்லிச் சிரித்தாள், மூக்கே இல்லாத படத்தைப் பார்த்து. பூவிழி நிமிர்ந்து என்ன சொன்னாங்க என்றாள். எல்லாம் சரியா இருக்கு, பத்து நாள் கழிச்சு இன்னொரு ஸ்கேன் என்றேன். எதுக்கு இன்னொன்னு என்றாள். சும்மா. சும்மா என்றேன். இத்தனை வருஷப் படிப்புக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது தோளில் தாடையை வைத்துக்கொண்டு வந்தாள், சிக்னலில் நின்றபோதும் எடுக்கவில்லை.

இருபத்தொரு நிமிடம். இன்னும் திறக்கவில்லை. நான் செய்கிற வேலை என்னவென்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். சேலத்து இறைச்சிக்கூடத்திலிருந்து எருமைச் சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் போட்டு ஃபிளாஸ்க்கில் எடுத்து வருவோம், முட்டைகளை உறிஞ்சி எடுத்து, விந்தோடு சேர்த்து, சின்னச் சின்னத் துளி ஊட்ட நீரில் விட்டு, மேலே எண்ணெய் ஊற்றி மூடி இன்குபேட்டரில் வைப்போம், ஏழு நாள் வளரும் என்றேன். முகத்தைச் சுளிக்காமல் கேட்டாள். கருவைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், நான் பார்ப்பது கருவை எடுத்த பிறகு மிச்சமிருக்கிற நீரை என்றேன். கழுவி ஊற்றுகிற தண்ணியிலயா என்றாள். அதில்தான் விஷயம் இருக்கிறது, ஒவ்வொரு உயிரணுவும் தன்னுடைய தோலிலிருந்தே துளித்துளியாகக் கிள்ளி நுண்பைகளை வெளியே அனுப்புகிறது, ஒரு தலைமுடியின் குறுக்கே எண்ணூறு வரிசையாக வைக்கலாம், அத்தனை பொடிசு, ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் புரதம், கொஞ்சம் ஆர்.என்.ஏ., அடுத்த உயிரணு அதை வாங்கித் தனக்குள் பிரித்துக்கொள்ளும், வாங்கினது தன் நடத்தையையே மாற்றிக்கொள்ளும். இருபது கருவை ஒரே துளியில் வளர்த்தால் நன்றாக வளரும், ஒன்றை மட்டும் தனியாக ஒரு துளியில் விட்டால் அநேகமாகத் திணறும், தனியாக இருக்கிற கருவுக்கு மற்றவை வளர்ந்த நீரிலிருந்து எடுத்த நுண்பைகளை மட்டும் ஊற்றினால் சிலது தேறிவிடும். கருப்பையும் சும்மா இருப்பதில்லை, கருக்குழாயும் சும்மா இருப்பதில்லை, அவையும் அனுப்பும். ஒட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே, மிதந்துகொண்டிருக்கும்போதே, அது நான் வந்திருக்கிறேன் என்று சொல்லும், இது சரி வா என்று சொல்லும், யாராவது ஒருத்தர் சொல்லத் தவறினால் அந்தச் சினை நிற்காது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள், எங்க ஆட்டத்துல முதுகுல தட்டிக் கோன்னு சொல்ற மாதிரிதானே என்றாள். உட்கார்ந்திருக்கிறவள் தட்டுகிற வரை எழுந்திரிக்கக் கூடாது, தட்டி, கோ என்று சொன்னால்தான் ஓடலாம். என்னுடைய ஆய்வறிக்கையின் முன்னுரையை இரண்டு வருஷம் திருத்தி எழுதினேன், அவள் சொன்னது அதைவிடச் சரியாக இருந்தது. போன வருஷம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு திடீரென்று என் முதுகில் தட்டி கோ என்றாள், என்னவென்று திரும்பினால் மாத்திரைக் கடையில் வாங்கின, இரண்டு கோடு விழுந்த அந்த அட்டையைக் காட்டினாள், அது முதலாவது, ஆறு வாரத்தில் போய்விட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. இது இரண்டாவது. ஏழாவது வாரம் முதல் ஸ்கேனில் துடிப்பு நன்றாகத்தான் இருந்தது, நூற்று முப்பத்திரண்டு. கரு இப்போது பட்டாணி அளவு என்று அவள் போனில் வாரக் கணக்கு சொல்கிற ஆப்பில் வந்தது, அன்றிலிருந்து பட்டாணி என்றே பெயர்.

மாப்ள, உள்ள லைட் அணைஞ்ச மாதிரி இருக்கு என்கிறார் அத்தை. அணையவில்லை, யாரோ குறுக்கே போனார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மோகனூரில் இவர் வீட்டுக்குப் போனோம். டாக்டரே எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்கம்மா என்று வாசலிலேயே பூவிழி சொன்னாள், மூன்று மாதம் ஆகாமல் வெளியே சொல்லக் கூடாது என்று இருந்தவள், என்னுடைய ஒரு சொல்லை நம்பித்தான் அவிழ்த்தாள். அத்தை பாயசம் வைத்தார், நான் இரண்டு டம்ளர் குடித்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சொன்னாள், கோகோ பிள்ளைகள் பதினைந்து பேரும் சேர்ந்து ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தார்களாம், டீச்சர் பாப்பாவும் கோகோ ஆடுமா என்று கேட்டார்களாம். இனி அந்தப் பதினைந்து பேரிடமும் அவள் போய் நிற்க வேண்டும். அதையும் நான்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தால் இவர்களுக்கெல்லாம் ஒன்றும் தெரிந்திருக்காது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்போம். ஏன் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மந்தமாகக் கிடக்கிற கரு எட்டாம் நாள் பிழைத்து வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், மற்றவர்கள் கொட்டிவிடலாம் என்று சொன்னதை நான் இருக்கட்டும் என்று வைத்திருந்து பார்த்தேன், அது விரிந்து வந்தது, அப்படி இதுவும் என்று நினைத்தேன். இது ஒரு காரணம். நல்ல காரணம், வெளியில் சொல்லலாம். வெளியில் சொல்ல முடியாத இன்னொன்று இருக்கிறது. முதலாவது போன பிறகு ஒரு வருஷமாக அவள் பழைய ஆளாக இல்லை, இந்தப் பத்து நாளும் பழைய ஆளாக இருந்தாள், குளித்துவிட்டுப் பாடிக்கொண்டு வந்தாள், தட்டிலிருந்து என் அப்பளத்தை எடுத்தாள், எனக்கு அது வேண்டியிருந்தது. அவளுக்காக மறைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு எனக்காக மறைத்தேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அந்தச் சந்தோஷத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். சாயங்காலம் காபி குடித்த பிறகு பட்டாணியிடம் தினமும் நான் ஏதாவது பேச வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம், கேட்காதுங்கறது எனக்கும் தெரியும், பேசுங்க என்பாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை, அர்த்தமில்லாமல் ஏதாவது. பிறகு பேசினது எல்லாம் ஞாபகமிருக்கிறது. வியாழக்கிழமை அவள் வயிற்றுக்கு நேராக வாயை வைத்துக்கொண்டு, கொஞ்சம் வேகமா, இன்னும் கொஞ்சம் வேகமா என்றேன். அவள் சிரித்துவிட்டாள். என்ன அவசரம், மெதுவா வரட்டும் என்று என் தலையைக் கோதினாள்.

கதவு திறக்கிறது. சிஸ்டர் மட்டும் வருகிறார். முடிஞ்சிருச்சு, நல்லா இருக்காங்க, மயக்கம் தெளியக் கொஞ்ச நேரம் ஆகும் என்கிறார், அத்தை கையெடுத்துக் கும்பிடுகிறார். சார் நீங்க இத மட்டும் எதிர்த்தாப்புல லேப்ல குடுத்துட்டு வந்துருங்க, ரெண்டாவது தடவைங்கறதால டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்காங்க என்று ஒரு சீட்டையும் வெள்ளை மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாவையும் என் கையில் தருகிறார். தந்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். டப்பாவில் ஒட்டின தாளில் பூவிழி, 33, பெண் என்று பேனாவால் எழுதியிருக்கிறது. அத்தை பார்க்காமல் இருக்க உள்ளங்கையில் மூடிக்கொண்டு எழுந்திருக்கிறேன். படி இறங்குகிறேன். மருந்துக் கடை, செருப்பு வைக்கிற அலமாரி, வாசல், வெயில். மணி பத்தே முக்கால். ரோட்டைக் கடக்கக் காத்திருக்கும்போதுதான் கவனிக்கிறேன், டப்பாவை நான் அக்குளில் இடுக்கி வைத்திருக்கிறேன், கையை உடம்போடு ஒட்டி அழுத்திக்கொண்டு. ஆய்வகத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குக் கரு இருக்கிற குழாயைக் கொண்டுபோகும்போது அப்படித்தான் கொண்டுபோவோம், மனுஷ உடம்புச் சூடு அதற்குப் போதும், ஒரு டிகிரி இறங்கினாலும் தாங்காது, பதினொரு வருஷப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. உள்ளே ஃபார்மலின், செத்ததைக் கெடாமல் வைக்கிற திரவம். சூடு வேண்டியதில்லை. வேண்டியதில்லை என்று தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை, முட்டை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, அட்டை அட்டையாக, ஆயிரக்கணக்கில், கயிறு போட்டுக் கட்டி, நான் ரோட்டோரம் நின்று என் குழந்தைக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று லாரி போய்விட்டது. நான்காவதும் போகட்டும் என்று நிற்கிறேன். பின்னால் நிற்கிற ஒருவர், போங்க சார் இப்ப காலியா இருக்கு என்கிறார். போகிறேன்.

லேப்பில் உட்கார்ந்திருக்கிற பெண் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, ரிப்போர்ட் அடுத்த புதன்கிழமை வரும், நீங்க அவங்களுக்கு யாருங்க என்று கேட்கிறாள். கணவன் என்கிறேன். டப்பாவை வைங்க என்கிறாள். நான் மேஜைமேல் வைக்கிறேன், அவள் அதை எடுத்து ஒரு தட்டில், மற்ற டப்பாக்களோடு சேர்த்து வைக்கிறாள், பார்த்துப் பதமாகத்தான் வைக்கிறாள். திரும்பி வருகிறேன், கையில் ஒன்றும் இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போன வருஷம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணக்கு எடுத்தோம், நன்றாக வளருகிற கருவின் நீரில் எத்தனை நுண்பைகள், பாதியில் நின்றுபோகிற கருவின் நீரில் எத்தனை என்று. நின்றுபோகிறதில்தான் அதிகமாக இருந்தது. நான் நம்பவில்லை, மறுபடி செய்யச் சொன்னேன், மறுபடியும் அப்படியே வந்தது. அது கடைசி நேரத்தில் கூடுதலாகக் கூப்பிடுகிறதா, அல்லது வெறுமனே உதிர்ந்துகொண்டிருக்கிறதா, எங்களுக்குத் தெரியாது, இரண்டுக்கும் இடமிருக்கிறது என்று கட்டுரையில் எழுதி அனுப்பினேன், உதிர்கிறது என்பதே பொருத்தம் என்று ஒரு மதிப்பீட்டாளர் பதில் எழுதினார், நானும் ஒப்புக்கொண்டு திருத்தினேன். நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட பூவிழி வாந்தி எடுத்தாள், வாந்தி இருந்தா நல்லதுன்னு அம்மா சொன்னாங்க என்று வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், சந்தோஷமாக. அப்போதே உள்ளே துடிப்பு நின்றிருக்கலாம். நஞ்சுக்கொடி மட்டும் இன்னும் அவள் ரத்தத்தில் ஹார்மோனை அனுப்பிக்கொண்டிருந்திருக்கும், அவள் உடம்பு வாங்கிக்கொண்டிருந்திருக்கும், வந்த எதையும் அது தவற விடவில்லை, பாயசத்தோடும் சாக்லேட் டப்பாவோடும் சேர்த்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அவளுக்கு வந்து சேராதது ஒன்றே ஒன்றுதான். அது உள்ளேயிருந்து வரவேண்டியது இல்லை. என் வழியாக வரவேண்டியது. பாய், பாய், பாய். ஆயுள் முழுக்க அவள் அந்தப் பாயைத் தூக்கிக்கொண்டு இருப்பாள், நான் பக்கத்தில் நின்று அதனால இல்லம்மா என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், அவள் நம்ப மாட்டாள், நம்புவதற்கு என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி நான் பொய் சொன்னவன் என்பது. படியேறுகிறேன். கால் நிற்கிறது. மறுபடி ஏறுகிறேன்.

அவளை வார்டில் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறார்கள், பச்சைத் திரை, பக்கத்துக் கட்டில் காலி. அத்தையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய் ஸ்டூலில் உட்காருகிறேன். கண்ணைத் திறந்து பார்க்கிறாள், மூடுகிறாள், மறுபடி திறக்கிறாள். உதடு காய்ந்திருக்கிறது, பஞ்சை நனைத்துத் துடைத்து விடுகிறேன். முடிஞ்சுதா என்கிறாள். முடிஞ்சுது என்கிறேன். வலிக்குதா என்று கேட்கிறேன், இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். காற்றாடி சுற்றுகிறது. அவள் பார்வை காற்றாடிமேல் இருக்கிறது.

"அந்தப் பாய மட்டும் தூக்காம இருந்திருந்தா" என்கிறாள்.

"பாயால இல்ல பூவிழி."

"நீங்க சொல்லிக்கிட்டேதான் இருக்கீங்க."

"பாயத் தூக்கறதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே துடிப்பு கொறஞ்சுபோச்சு. அந்த வெள்ளிக்கெழம ஸ்கேன்லயே. டாக்டர் என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. நான்தான் உங்கிட்டச் சொல்லல."

சொல்லியாகிவிட்டது. இத்தனை சின்னதாக இருந்திருக்கிறது, ஒரு மூச்சில் அடங்குகிற அளவு. அவள் தலையைத் திருப்பவில்லை. மயக்கத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைக்கிறேன், கேட்டிருக்கக் கூடாதே என்றும் ஒரு கணம் நினைக்கிறேன், இன்னும் அந்தப் புத்தி போகவில்லை.

"எவ்வளவு இருந்துச்சு?" என்கிறாள்.

எழுபத்தெட்டு என்கிறேன். அவள் உதடு அசைகிறது, எண்ணைத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். பிள்ளைகளை ஓடவிட்டு மணிக்கட்டைப் பிடித்து எண்ணுகிறவள், முதல் ஸ்கேனில் நூற்று முப்பத்திரண்டு என்று கேட்டவள், எழுபத்தெட்டு என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப பாயால இல்ல."

"இல்ல."

கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போகிறது. நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்குகிறது, மேலே இருந்த எதையோ எடுத்துவிட்ட மாதிரி. அதைப் பார்த்து எனக்குள்ளும் ஏதோ இளகுகிறது, கையை நீட்டி அவள் கையைப் பிடிக்கிறேன். பிடிக்க விடுகிறாள். பிறகு கேட்க ஆரம்பிக்கிறாள். குரல் ஏறவே இல்லை. மோகனூரில் அம்மா பாயசம் வைத்தபோது தெரியுமா என்கிறாள். தெரியும் என்கிறேன். திங்கட்கிழமை ஸ்கூலில் சொல்லப் போகிறேன் என்று கிளம்பினபோது தெரியுமா. தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாந்தி எடுத்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அப்போது. தெரியும். அழுதீங்களா என்கிறாள். அழுதேன், பாத்ரூமில் என்கிறேன். தண்ணி ரொம்ப நேரம் போகுதேன்னு நெனச்சேன் என்கிறாள். கேள்வி முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"வயித்துக்கிட்ட வேகமா வேகமான்னு சொன்னது அதுக்குத்தானா?"

"ஆமா."

அவள் கையை எடுத்துக்கொள்கிறாள். உதறவில்லை, மெதுவாக உருவிக்கொண்டு போர்வைக்குள் வைத்துக்கொள்கிறாள். நான் உனக்கு இன்னும் பத்து நாளாவது என்று ஆரம்பிக்கிறேன், நீ சந்தோஷமா இருக்கணும்னு. அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்கிறாள். கோபம் இருந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன், கோபம் இல்லை.

"அது உசுரோட இருந்துச்சு, இல்லீங்களா, அந்த வெள்ளிக்கெழம" என்கிறாள். "போகப்போகுதுன்னு தெரிஞ்சிருந்தா நான் அதுகூட இருந்திருப்பேன். எனக்கு வேற வேலையே இருந்திருக்காது. நீங்க இருந்தீங்க. நான் இல்ல."

அவளுக்கு ஒரு துக்கத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாயைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், பதினைந்து பிள்ளைகளைப் பற்றி யோசித்தேன், என் பொய்யைப் பற்றி யோசித்தேன், இந்தப் பக்கமாக ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நாள் அதன் பக்கத்தில் நான் தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். அவள், தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இல்லை.

"அம்மாவ வரச் சொல்லுங்க" என்கிறாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

வெளியே வந்து அத்தையிடம் சொல்கிறேன், அவர் ஃபிளாஸ்க்கை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார். நான் திரைக்கு இந்தப்புறம் சுவரில் சாய்ந்து நிற்கிறேன், உட்காரத் தோன்றவில்லை. அத்தை ஏதோ கேட்கிறார், ஏஞ்சாமி அழுவுற, வலி எடுக்குதா. இப்போது சொல்லப் போகிறாள் என்று நிற்கிறேன். சொல்லட்டும். அத்தை வெளியே வந்து என்னைப் பார்க்கப் போகிற பார்வையை எதிர்பார்த்து முதுகை நிமிர்த்திக்கொள்கிறேன். பூவிழியின் குரல் தெளிவாகக் கேட்கிறது, அவள் மைதானத்தில் பேசுகிற குரல் இல்லை, ஆனால் தெளிவாக இருக்கிறது.

"பாயால இல்லியாம், அம்மா. முன்னாடியே துடிப்பு கொறஞ்சிருந்துச்சாம். டாக்டரம்மா இப்பத்தான் அவர்கிட்டச் சொன்னாங்களாம். அவருக்கே இப்பத்தான் தெரியும்."

அத்தை அப்படியா சாமி, அப்படியா என்று அழுகிறார், நாந்தான் உன்னப் பேசிப்புட்டனே என்கிறார், மகள் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுவது திரையில் நிழலாகத் தெரிகிறது. பிறகு கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார். என் தோளைத் தொடுகிறார், மருமகன் தோளை அவர் தொட்டதே இல்லை. நீங்களும் மனசத் தேத்திக்குங்க மாப்ள, உங்களுக்கும் திடுக்குனுதான் இருந்திருக்கும் என்கிறார். நான் தலையை ஆட்டுகிறேன். அவள் எனக்காகச் சொன்னாளா, அம்மாவுக்காகச் சொன்னாளா, இனி அவளுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறதில் மூன்றாவது ஆள் வேண்டாம் என்று சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. கூப்பிடுவாள் என்று நிற்கிறேன். பதினொன்றரைக்கு சிஸ்டர் வந்து இப்ப இட்லி குடுக்கலாம் என்கிறார். கீழே போய் வாங்கிக்கொண்டு மறுபடி மேலே வருகிறேன், பொட்டலம் சூடாக இருக்கிறது. திரைக்கு அருகில் போய் நின்று பூவிழி என்கிறேன். தூங்கவில்லை, கட்டில் முனகுகிற சத்தம் கேட்கிறது, புரண்டு படுக்கிறாள். இன்னொரு தடவை கூப்பிடவில்லை. பொட்டலத்தை அத்தையிடம் கொடுக்கிறேன், அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்.